சடையங்குப்பத்து ஈரச்சுவர்

ராயபுரம் துறைமுகத்தில் கரி இறக்கிய ஜேக்கப்புக்குக் கம்பெனி கொடுத்திருந்தது ஒரு தகரக் கொட்டகை. கூரையும் தகரம், சுவரும் தகரம். வெயில் ஏறினால் உள்ளே உட்கார முடியாது. அவன் மனைவி எல்சிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவதுக்கு ஆறு மாதமாயிருந்த ஆவணியில், சடையங்குப்பத்தில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு விற்கும் செல்லம்மாவைப் பார்க்கப் போனார்கள். அவள் வீட்டுக்குக் களிமண் சுவர், கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு, பனையோலைக் கூரை. உச்சிவெயிலிலும் குளிர்ந்திருந்த அந்தத் தரையில் சாய்ந்த எல்சி அப்படியே தூங்கிப்போனாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஜேக்கப், அங்கே ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டான்.

"மூலைக்கு இன்னா, எடுத்துக்கோ. ஆனா இப்ப வாணாம் நைனா. மழை வந்துகினே கீது, சுவரு காயாது. தை பொறக்கட்டும்" என்றாள் செல்லம்மா.

"அதுக்குள்ள இந்தப் புள்ளயும் பூடும்க்கா."

ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு கிளம்பிவிடுவான். கழிமுகத்துக் களிமண்ணில் வைக்கோலை மிதித்துக் குழைத்து, சுவரைக் கையாலேயே எழுப்பினான். எல்சி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, "ஜன்னல கடலப் பாத்து வையி" என்று சிரித்தாள். ஓலை வேய்ந்து பூச்சும் முடிந்தது. ஐப்பசி பிறந்ததும் மழை விடாமல் பெய்தது. ஆறு கரை மீறியது. வடிந்தபின் போய்ப் பார்த்தான்: ஈரம் காயாத சுவர் கரைந்து சேறாகக் கிடந்தது, அதன்மேல் கூரை கவிழ்ந்திருந்தது. செல்லம்மாவின் வீடு இருந்த மேட்டையும் ஆறு அறுத்துக்கொண்டு போயிருந்தது. அவள் மூட்டையோடு நின்றாள்.

"தையில மறுபடி கட்டலாம்க்கா."

"எங்க நைனா கட்டுவ? மண்ணே போயிடுச்சே."

கார்த்திகையில் அந்தத் தகரத்துக்குள்ளேயே ஒரு பெண் குழந்தை உயிரோடு பிறந்தது. ஃப்ளோரன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். குளிர் மாதங்களில் நன்றாகத்தான் வளர்ந்தது. சித்திரையில் ஜேக்கப் சாக்குகளை நனைத்துக் கூரைமேல் போட்டுவிட்டு வேலைக்குப் போவான். அவன் திரும்புவதற்குள் அவை காய்ந்து மொறமொறவென்று ஆகியிருக்கும். ஒரு மதியம் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியது. மாலையில் மூச்சு அடங்கிவிட்டது.

"நீ அவசரப்பட்டுட்ட" என்று எல்சி ஒருநாள்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று அவன் நினைத்தான்.

அடுத்த வருஷம் கம்பெனி இன்னொரு வரிசைக் கொட்டகை போட்டது. தகரம் அடிக்க ஆள் தேடினார்கள். ஜேக்கப் போனான்.

"காத்துல பறக்காத மாதிரி இறுக்கி அடி" என்றான் மேஸ்திரி.

அவன் இறுக்கித்தான் அடித்தான்.