அம்மா சொன்ன தண்ணி

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். அப்போது நாங்கள் கோலாலம்பூருக்கு வடக்கே, உலு யாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். நான் ரவாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்துக்கு மேலே, குன்றுகளுக்கு நடுவில் ஒரு மண் அணை. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அதன் மதகைத் திறந்து மூடுவதுதான் அப்பாவின் வேலை.

அந்த மதகு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அப்பா ஆபீசில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். "பார்க்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. விடாத மழையில் அணை நிரம்பியபோது, விடியற்காலையிலேயே போய்த் தண்ணீருக்குள் இறங்கி அதைத் தூக்கப் போராடியிருக்கிறார். அம்மா கோப்பி எடுத்துப் போனபோது நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, லயத்தில் எல்லாரையும் மேட்டுக்குப் போகச் சொல் என்று அம்மாவை விரட்டியிருக்கிறார். அம்மா கத்திக்கொண்டே ஓடிவந்தார். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டு மேடேறினார். கொஞ்ச நேரத்தில் கரை உடைந்தது. லயம் போனது, ஆட்கள் பிழைத்தோம். அப்பாவின் உடல் கீழே செம்பனைக்காட்டில் கிடைத்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். ஒரு வெளிநாட்டு உதவிக் குழு வந்தது. அவர்கள் கொண்டுவந்த இயந்திரம் சேற்றுத் தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக்கித் தந்தது, அதற்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நம் ஊர் வெக்கைக்குக் கனத்த கம்பளியும், சாமி கும்பிடுகிற எங்களுக்கு மாட்டிறைச்சி டின்னும் கொடுத்தார்கள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர்கள் சோறும் நெத்திலிச் சம்பலும் கொண்டுவந்ததால்தான் வயிறு நிறைந்தது.

அணை ஏன் உடைந்தது என்று ஆராய அந்தக் குழுவில் ஓர் இன்ஜினியர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். எங்கள் பேச்சை மொழிபெயர்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். நம் ஆள்தான். தானும் தோட்டத்தில் பிறந்தவன் என்று வந்ததுமே பெருமையாகச் சொன்னார். தோட்டத்து மேனேஜரும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதகுக்காரன் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்று ஆகிவிட்டால் பழியெல்லாம் செத்துப்போனவர் தலையில் விழும், ஆபீஸ் தப்பித்துக்கொள்ளும். அது எனக்குப் புரிந்துதான் இருந்தது.

கரை உடைந்தபோது உங்கள் கணவர் எங்கே இருந்தார் என்று கேட்டார்கள். அம்மா மெதுவாகச் சொன்னார். "விடியக்காலையிலருந்தே அவரு தண்ணியிலதாங்க இருந்தாரு."

மொழிபெயர்ப்பாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதில் 'டிரங்க்' என்ற சொல் என் காதில் விழுந்தது. என் ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் அந்தச் சொல் தெரியும், குடித்திருக்கிறான் என்று அர்த்தம். திங்கட்கிழமை தாமதமாக வருகிற ஆண்களைப் பார்த்து எங்கள் சூப்பர்வைசர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார். அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. பாவம், அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா குடிக்காதவர் என்று சொல்லமாட்டேன். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போவார். அன்று அவர் நின்றது அந்தத் தண்ணியில் இல்லை. பக்கத்தில் உதவிக் குழுவின் சுத்தமான தண்ணீர் வாளி இருந்தது. அதற்குள் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு, "நோ டிரங்க். திஸ் வாட்டர். மை ஃபாதர் இன் திஸ் வாட்டர்" என்று கத்தினேன். இன்ஜினியர் திகைத்துப்போய் என்னையும் வாளியையும் பார்த்தார்.

"சின்ன விசயம் லா, தங்கச்சி. சொல்லு ஒண்ணுதானே, மாறிப்போச்சு. இதுக்குப் போயி சத்தம் போடறீங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவரை அறையாமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மலாய் நர்ஸ் சத்தம் கேட்டு அங்கே வந்தார். நடந்ததை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த நர்ஸைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் சொன்னார். "லாக்கி சாயா டாலம் ஆயேர்." என் புருஷன் தண்ணீருக்குள் இருந்தார். கையை நெஞ்சில் வைத்து, எவ்வளவு ஆழம் என்றும் காட்டினார்.

மலாயில் ஆயேர் என்றால் தண்ணீர்தான். அந்தச் சொல்லுக்குள் கள்ளும் இல்லை, சாராயமும் இல்லை. நர்ஸ் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குப் பிறகு இன்ஜினியர் அந்த ஆளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸை வைத்தே எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். துருப்பிடித்த மதகைப் பற்றி அம்மா சொன்னபோது அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். மேனேஜர் கம்பளிக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெளிநாட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு எங்களைத் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவருக்குத் தெரியும். தண்ணி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் தெரியும், உடைந்த அணை எதிரிலேயே கிடக்கிறது. அப்படியும் ஒரு தோட்டத்து ஆள் தண்ணியில் இருந்தான் என்று கேட்டதும் அவர் மனம் கள்ளுக்கடைக்குத்தான் போனது. இப்போது நான் சுங்கை சோவில் இருக்கிறேன், பேரப்பிள்ளையும் பார்த்துவிட்டேன். ஊரைக் காப்பாற்றப் போய்ச் செத்த என் அப்பாவைத் தமிழ் தெரிந்த ஒருவன் குடிகாரனாக்கினான், அதைத் துடைக்க என் அம்மா தமிழை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது என்ற கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.