ஸ்டெல்லா டீச்சரின் திருக்கையும் தளி வௌவால்களும்

மத்திகிரியில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. விலங்கியல் ஆசிரியை ஸ்டெல்லா காலையில் மாரடைப்பில் காலமாகிவிட்டார் என்று அவர் கணவர் போனில் சொன்னார். அடுத்து வந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை செய்தோம். நான் தாவரவியல். அவர் தூத்துக்குடிக்காரர். அப்பாவின் வலையில் சிக்கிய குருவித் திருக்கைக் குட்டி ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பிள்ளைகள் அதை வௌவால் என்பார்கள். "பார்த்த உடனே அப்படித்தான் தோணும். இன்னொரு தடவை பாருங்க" என்பார். அவரிடம் படித்த உங்களுக்கு அந்தக் குரல் மறந்திருக்காது.

அவரைப் பற்றி உங்களில் பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். தளிப் பக்கம் ஓர் எல்லையோரக் கிராமத்து ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் நூற்றுக்கணக்கில் தொங்கும். வௌவால் காய்ச்சல் பற்றிய செய்திகளைப் பார்த்துப் பயந்து, ஊரார் மரத்தையே வெட்ட முடிவெடுத்தார்கள். தகவல் தெரிந்ததும் டீச்சர் ஜாடியோடு கிளம்பினார். நானும் போனேன்.

"இது தண்ணி வௌவாலுங்களா?" என்று கேட்டார் கொய்யாத் தோட்டக்காரர் முனிராஜ்.

"இது மீனுங்க. செவுள்லதான் மூச்சு விடும். உடம்புல எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. வௌவால் றெக்கை நம்ம கை மாதிரி. விரல் நீண்டு, நடுவுல தோல் விரிஞ்சிருக்கு. ரெண்டும் குட்டிதான் போடும். திருக்கை வயித்துக்குள்ளயே பால் மாதிரி ஒண்ணு ஊட்டும். வௌவால் பெத்த பிறகு மாரோட அணைச்சுக் குடுக்கும்."

கூடியிருந்த பெண்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். முனிராஜ் மட்டும் விடவில்லை. "நோவு வராதுங்களா, மேடம்?"

"வராதுங்க."

ஊரார் தலையாட்டிக் கலைந்தார்கள்; மரம் தப்பியது என்று நினைத்தேன். திரும்பும் பஸ் மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் டீச்சர் எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னார். "வராதுன்னு சொல்லிட்டேனே சார். அது பொய்."

"இப்பப் போய்ச் சொன்னா வெட்டிடுவாங்க."

"வெட்டட்டும். பொய் சொல்லி மரத்தைக் காப்பாத்த வேண்டாம்."

வெயிலில் திரும்பி நடந்தோம். ஊர் நடுவே நின்று அவர் சொன்னார்: "நான் சொன்னது தப்புங்க. அபூர்வமா வரலாம். கடிச்ச பழத்தைத் தின்னாதீங்க. கீழே விழுந்த வௌவாலைக் கையால தொடாதீங்க. அவ்வளவு கவனமா இருந்தாப் போதும், பயந்து மரத்தை வெட்ட வேண்டாம்."

முனிராஜ் எங்கள் புழுதி படிந்த கால்களைப் பார்த்தார். பிறகு, "இதச் சொல்லவா இம்மாந்தூரம் நடந்து வந்தீங்க?" என்றார். மற்றவர்களிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். மரத்தை வெட்டவில்லை. இன்றும் நிற்கிறது.

டீச்சரின் ஜாடி பள்ளியில் இருக்கிறது. நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த மூன்று கிலோமீட்டர் நடையை. போன வாரம் பதினோராம் வகுப்பில் ஒன்றைத் தவறாகச் சொல்லிவிட்டேன். மணி அடித்து, படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. திரும்பி ஏறிப் போய், அடுத்த பாடம் நடந்துகொண்டிருந்த அந்த வகுப்பின் கதவைத் தட்டினேன்.