மீன் ஒத்துக்கொள்ளாத வீட்டில் ஒரு சிட்டிகை உப்பு

காலை 7.10. மட்டக்களப்பு ரயில் நிலைய வாசலில் ரோஸ்மேரி மிஸ் ஸ்கூட்டியோடு நின்றார். வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம், கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் மருத்துவமாது அவர். ஒரு நாள் கூடவே வரட்டுமா என்று கேட்டிருந்தேன். சொந்தக் காரணமும் உண்டு. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது தொடங்கிய தைரொயிட் மாத்திரையை இன்றுவரை விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

"தேத்தண்ணி குடிப்பமா?" என்றார்.

"மாத்திரை போட்டு அரை மணித்தியாலம் ஆகேல்ல. அதுவரைக்கும் ஒண்டும் குடிக்கக் கூடாது."

"அப்ப சரியான ஆளத்தான் ஏத்துறன்" என்று சிரித்தார்.

7.45. வலையிறவுப் பாலம். தோணியில் நின்றபடியே ஒருவர் வலை வீசினார். பாலம் தாண்டியதும் வட்டை தொடங்கியது. கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை வயல். காற்றுக்கு மேலால் மிஸ் கத்திப் பேசினார்.

"முதல் மூணு மாசம் புள்ளைட தைரொயிட் வேல செய்யத் தொடங்கியிராது. அம்மாட கழுத்துல சுரக்கிறதுதான் புள்ளைட மூளைக்கும். அதுக்கு அயடின் வேணும். அந்த மூணு மாசம் போனா, மறுகா ஓடிப் போய் ஒண்டும் செய்ய ஏலாது."

8.20. எட்டு கிலோமீட்டர். வாவிக்கரையில் ஓட்டு வீடு. யசோதாவுக்கு இது முதல் பிள்ளை, பத்தாவது கிழமை. முகம் வாடிக் கிடந்தது. அவள் கணவன் குகன் வாவியில் மீன் பிடிப்பவன். ஆனால் மீன் மணம் பட்டாலே இவள் சத்தி எடுப்பாள்.

"மீன்காரன்ட பொஞ்சாதிக்கு மீன் ஆகாது, மிஸ்" என்றான் அவன். பகிடிதான், ஆனால் குரலில் பகிடி இல்லை. "சோறும் உப்பும் தேசிக்காயும்தான் உள்ளுக்குப் போகுது."

"என்ன உப்பு?"

யசோதா பக்கட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அயடின் கலந்தது என்று பெரிதாக அச்சடித்திருந்தது. எனக்குத் திருப்தி. நானாக இருந்தால் அத்தோடு எழும்பியிருப்பேன். மிஸ் பையிலிருந்து சின்னக் குப்பியொன்றை எடுத்து, ஒரு சிட்டிகை உப்பைத் தட்டில் போட்டு ஒரு சொட்டு விட்டார். அயடின் இருந்தால் ஊதா நிறம் வரவேண்டுமாம். வெள்ளையாகவே கிடந்தது. தன்னிடமிருந்த வேறு உப்பில் ஒரு சொட்டு விட்டார். உடனே கடும் ஊதா.

குகன் நிலத்தைப் பார்த்தான். "பக்கட் முடிஞ்சு மூணு கிழமை, மிஸ். இவ எழும்ப ஏலாமக் கிடந்தா. கருவாட்டுக்கு எடுத்த உப்பு மூட்டையில இருந்து நான்தான் அதுக்குள்ள நிரப்பினன். உப்பு உப்புத்தானே எண்டு நினைச்சிட்டன்."

மீன் பிடிக்கிற வீட்டில்தான் இப்படியொரு பிழை நடக்கும். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மிஸ் திட்டவில்லை.

"மீன் திண்டா நான் இவ்வளவு யோசிக்க மாட்டன். இவவுக்கு மீனும் இல்ல, இந்த உப்புல அயடினும் இல்ல."

"புள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா மிஸ்?" யசோதாவின் கை வயிற்றில் இருந்தது.

"நேரத்தோட கண்டுட்டம். நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க, ரத்தம் பாப்பம். பிறந்த உடனே குதிக்கால்ல ஒரு சொட்டு எடுத்தும் பாப்பாங்க. தைரொயிட் குறைஞ்ச புள்ள கத்தாமப் படுத்தே கிடக்கும். சனம் நல்ல புள்ள எண்டு நினைக்கும். எனக்குக் கத்தி வீட்டக் கிளப்பிற புள்ளதான் வேணும்."

9.05. குகன் சைக்கிளில் இரண்டு கிலோமீட்டர் மிதித்துப் புதுப் பக்கட் வாங்கி வந்தான், நூற்றெண்பது ரூபாய். அதிலும் சொட்டு விடச் சொல்லி, ஊதாவைக் கண்ட பிறகுதான் மனைவியிடம் கொடுத்தான். மூடிவைக்கவும், அடுப்படியில் வைக்காமலிருக்கவும், கறியை இறக்கும்போது போடவும் மிஸ் சொன்னார். கருவாட்டு உப்பு மூட்டையை வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் குகன் கொட்டிலுக்குத் தூக்கிப் போனான்.

கொழும்பில் எத்தனையோ பெரிய டொக்டர்மாருக்கு முன்னால் காத்திருந்திருக்கிறேன். என் வீட்டு உப்பைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ரோஸ்மேரி மிஸ்ஸோ அன்று மத்தியானத்துக்குள் இன்னும் ஆறு வீட்டு உப்பில் சொட்டு விட்டார். அவர்மேல் எனக்கு வந்தது வெறும் மரியாதை இல்லை, கொஞ்சம் பொறாமையும்தான்.

ஏழு மாதம் கழித்து, ஒரு காலையில், வெள்ளவத்தை வீட்டில் மாத்திரையோடு நின்றபோது கைபேசி அடித்தது.

"குகன் கதைக்கிறன் அக்கா. மிஸ்தான் நம்பர் தந்தா. பொம்பிளப் புள்ள. குதிக்கால் ரத்தம் நல்லமாம். நாங்க நித்திர கொண்டு பத்து நாள். இஞ்ச, கேளுங்க."

கைபேசியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். வீட்டையே கிளப்பும் சத்தம். மாத்திரையை மறந்து கேட்டுக்கொண்டே நின்றேன்.