ஒரே எழுத்தில் ஒன்பது படிவங்கள்

மகள் நேர்முகப் பரீட்சைக்கு ஆங்கிலச் சொற்களை உருப்போட்டுக்கொண்டிருக்கிறாள். டீம் பிளேயர், சப்போர்ட்டிவ், எம்பதி. அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு முதல் சொல்லிலேயே கை நின்றுவிட்டது. கண் கலங்கியதற்கு வெங்காயத்தைக் குற்றம் சொல்லலாம். உண்மையில் அது பழைய கோபம்.

வெங்காய வாசனை என்றாலே எனக்குக் கற்பிட்டி ஹோட்டல் குசினிதான். யுத்தம் முடிந்து, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம். நான் வரவேற்பு மேசையில். யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு அப்பால் கரைத்தீவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. சப்பாத்து இரவல், இங்கிலீஷ் அரைகுறை. அந்த அரைகுறையில் எனக்கிருந்த பெருமையைக் கேளுங்கள்: டெலிபோன் அடித்தால், குசினி ஆட்கள் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

மெனேஜர் கொழும்புக்காரர். எங்களைப் போலவே ஐவேளை தொழுகிறவர். காலைக் கூட்டத்தில், "நாங்க ஸ்டாஃப் இல்ல, ஃபெமிலி" என்பார். அப்படியொரு கூட்டம் முடிந்த கையோடுதான் வாப்பா மௌத்தான செய்தி வந்தது. பின்னேரம் அசர் தொழுகையோடு அடக்கம். புத்தளம் போய் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். உடனே புறப்பட்டால் போய்ச் சேரலாம்.

"ரெண்டு மணிக்கு குரூப் வருது. இங்கிலீஷ் தெரிஞ்சது நீங்க மட்டுந்தானே. செக்-இன் முடிச்சிட்டுப் போங்க. டீம் பிளேயரா இருக்கணும்" என்றார்.

மீறிப் போனால் வேலை போகும். தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம். நின்றேன். சிரித்துச் சிரித்துச் சாவி கொடுத்தேன். ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்களும் கலைந்துவிட்டார்கள். வாப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை, மூன்று பிடி மண்ணும் போடவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதனை வெறுத்தேன். தின்னும்போதும் உறங்கும்போதும் வெறுத்தேன்.

அல்லாஹ் ஒரு சந்தர்ப்பம் தந்தான். பயிற்சி நடத்திவிட்டுப் போன தலைமை அலுவலக மிஸ் எங்களுக்குப் படிவங்கள் அனுப்பினார். மெனேஜரின் தலைமைத்துவம் எப்படி என்று பெயர் போடாமல் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஒன்பது பேரில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். எல்லோரும் குசினியில் வந்து கூடினார்கள். பயிற்சியில் மிஸ் கொடுத்த சொற்பட்டியல் என் மடியில்.

சமையற்காரர் ஹனீபா காக்கா தொடங்கினார். "எழுது தம்பி. இவன் மனுசனே இல்ல. காய்ச்சலோட என்னய அடுப்படியில நிக்க வெச்சவன்."

'லேக்ஸ் எம்பதி' என்று எழுதினேன்.

"என்ன எழுதின?"

"பரிவு குறைவு எண்டு, காக்கா."

"அவ்வளவுதானா? இங்கிலீஷ்ல ஏசவே ஏலாதா?"

ஒன்பதையும் நெஞ்சு குளிர எழுதினேன். என் படிவத்தில் எழுதியதை மட்டும் இங்கே சொல்லமாட்டேன். ஒன்பதும் ஒரே பேனை, ஒரே எழுத்து என்பது தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

அடுத்த வாரம் மிஸ் படிவங்களோடு நேரில் வந்தார். மெனேஜர் எங்கள் எல்லோர் முன்னாலும் அவற்றை மேசையில் விரித்துச் சிரித்தார்.

"இது ஒருத்தன்ட பொறாமை, மிஸ். எல்லாம் இவன்ட எழுத்து."

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஹனீபா காக்கா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"எழுத்து அவன்ட. கதை எங்கட. அவன் கொறச்சித்தான் எழுதியிருக்கான் மிஸ். மிச்சத்த நான் சொல்லவா?"

சொன்னார். மற்ற ஏழு பேரும் சொன்னார்கள். வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு என்னை விடாததைச் சொன்னவரும் காக்காதான். அந்த மாதத்தோடு மெனேஜரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

போகிற நாளில் ஒவ்வொருவரிடமும் வந்து, செய்ததை மன்னிக்கச் சொல்லி மாப்புக் கேட்டார். குசினி முழுக்கக் கொடுத்தது. காக்கா கட்டிப்பிடித்தே கொடுத்தார். என்னிடமும் கையை நீட்டினார். "குரூப் வருது சார், செக்-இன் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போனேன். எந்தக் குரூப்பும் வரவில்லை.

இப்போது அந்த ஹோட்டல் இல்லை, மதில் மட்டும் நிற்கிறது. ஹனீபா காக்கா மன்னாருக்கே திரும்பிப் போய் அங்கே மௌத்தானார். போன நோன்புக்கு முன்னால் மெனேஜரும் மௌத்தாம்.

"இனியாவது மாப்புக் குடுத்திருங்க, மௌத்தான மனுசன்" என்கிறாள் மனைவி.

அவள் சொல்வது சரிதான். ஒவ்வொரு தொழுகை முடிந்தும் கையேந்துகிறேன். அவர் பெயர் நாக்குக்கு வரும்போது கையை இறக்கிவிடுகிறேன்.