அவனைக் கேட்டால் என்ன சொல்வான்?

மெய்யன், பொய்யன் புதிர்கள் என்றால் எனக்குப் பைத்தியம். ஒருவன் மெய் மட்டுமே பேசுவான், இன்னொருவன் பொய் மட்டுமே பேசுவான். யார் எவர் என்று தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேட்டு உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓமானில், சோஹார் நகரத்தில், எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் இப்படி எது வந்தாலும் முதல் விடை என்னுடையதுதான். அந்த மண்டைக்கனத்தோடுதான் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் நான் எச்.ஆர். அதிகாரி. ஒருநாள் அங்கே இரண்டு ஹெல்பர்களில் ஒருவன், லைசென்ஸ் இல்லாமல் ஃபோர்க்லிஃப்டை எடுத்து ஓட்டி ஒரு ரேக்கையே சாய்த்துவிட்டான். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இருவருக்கும் ராமநாதபுரம் பக்கம், தொழிலாளர் கேம்ப்பில் ஒரே ரூம். அவன்தான் ஓட்டினான் என்று ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். பார்த்தவர்கள் யாருமில்லை. ஓட்டியவனை ஊருக்கு அனுப்ப வேண்டும், யாரென்று நீயே விசாரித்துச் சொல் என்றார் மேனேஜர்.

எனக்கு உள்ளூரக் குஷி. இதைச் சொல்லவே கூசுகிறது. ஒருவனுடைய பிழைப்பு போகப்போகிறது, எனக்கோ புதிர் கிடைத்த சந்தோஷம்.

இருவரில் மீசை வைத்தவனை மட்டும் உள்ளே கூப்பிட்டேன்.

“வெளிய உக்காந்திருக்கான்ல, அவனக் கேட்டா யாரு ஓட்டுனதா சொல்லுவான்?”

“என்னையத்தான் சொல்லுவான் சார்.”

புதிரில் இந்தக் கேள்விக்கு மெய்யன் பதில் சொன்னாலும் பொய்யன் பதில் சொன்னாலும் வருவது தப்பான பதில்தான். மெய்யன் மற்றவனுடைய பொய்யை அப்படியே சொல்வான், பொய்யன் மற்றவனுடைய மெய்யை மாற்றிச் சொல்வான். அதைத் திருப்பிப் போட்டால் உண்மை. ஆக, ஓட்டியது மீசைக்காரன் இல்லை, வெளியே இருப்பவன். ஐந்து நிமிடத்தில் ரிப்போர்ட் எழுதிவிட்டேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவனை நான் உள்ளே கூப்பிடவே இல்லை. ஒரு கேள்விக்கு மேல் கேட்டால் புதிரில் தோற்றதாக அர்த்தம். அந்த வாரமே விசா கேன்சலாகி அவன் ஊருக்குப் போனான்.

இரண்டு வாரம் கழித்து மீசைக்காரன் என் அறைக்கு வந்து நின்றான்.

“அன்னைக்கு ஓட்டுனது நாந்தேன் சார். பயத்துல மாத்திச் சொல்லிட்டேன். சோறு எறங்கல. என்னைய அனுப்பிட்டு அவனக் கூப்பிட்டுக்கங்க.”

அப்போதும் என் புத்தி புதிரை விட்டு வரவில்லை. பிறகு ஏன் அவன் உன்னைச் சொல்வான் என்றாய் என்று கேட்டேன்.

“அது நெசந்தான சார். ஓட்டுனது நானு. அவன் வேற யாரச் சொல்லுவான்?”

பயந்துபோய் ஒரு பொய் சொன்னவன் எல்லாவற்றிலும் பொய்யே சொல்வான் என்று எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்? நான் நம்பினேன். மேனேஜரிடம் போனால் எதை வைத்து முடிவு செய்தாய் என்று கேட்பார். வாட்ஸப் புதிரை வைத்து என்றா சொல்வது?

“விசா கேன்சலானா ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. கலாஸ், முடிஞ்சுபோச்சு. இத யார்கிட்டயும் சொல்லாத” என்றேன்.

பண்ணியிருக்க முடியும். என் தவறை ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் கொடுத்திருந்தால் ஊருக்குப் போனவனுக்குப் புது விசா எடுத்திருப்பார்கள். மீசைக்காரனுக்கு அது தெரியாது. நான் சொன்னதை அப்படியே நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி சார்” என்று டூட்டிக்குப் போனான்.