தன்னுடையதல்ல என்று டொமினிக் சொன்ன துளை

காலையில் ட்ரக்கின் இயந்திரம் சூடாகட்டும் என்று காத்திருந்தபோது லூயிஸ் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் துப்பாக்கிச் சுடும் கழகத்தின் மூத்த நடுவர் அவர்; பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெண்மணி. "சிவா, டொமினிக்கின் மனைவி கழகத்துக்கு அழைத்தார். வீட்டிலிருக்கும் பிஸ்டலை உரிமம் உள்ள யாராவது எடுத்துப்போக முடியுமா என்று கேட்கிறார்," என்றார் பிரெஞ்சில். "ஏன், அவர் அதை விற்கப்போகிறாரா?" என்று கேட்டேன். "உனக்குத் தெரியாதா?" என்றார் லூயிஸ். முதல் நாள் துறைமுகத்தில், வேலை நேரத்தில், டொமினிக் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்பதை நான் அறிந்தது இப்படித்தான்.

உங்களில் பலர் அவரை ஞாயிறு பூசையில் பாடுபவராக அறிவீர்கள். இங்கே ரொக்ஸ்பரோவில் யார் வீடு மாறினாலும் கட்டில் தூக்க வந்து நிற்பவராக அறிவீர்கள். அவர் ஒரு காலத்தில் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் சுட்டவர் என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். தெரிந்தவர்களும் அதைச் சற்றுக் குரல் தாழ்த்தித்தான் சொல்வீர்கள். நாம் விட்டுவந்த ஊரில் சண்டை மறுபடியும் மூண்டிருந்த ஆண்டுகள் அவை. துவக்கு என்ற சொல் வாயில் வந்தாலே பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

நாங்கள் சந்தித்த விதமே வேடிக்கை. அலுவலகத் தோழர் ஒருவர் அழைத்துப்போய் அவருக்கு இந்த விளையாட்டுப் பழக்கமாகியிருந்தது. எனக்கு ஒரு ட்ரக் ஓட்டுநர் மூலம். கழகத்தின் வாகனத் தரிப்பிடத்தில் முதன்முறை எதிரெதிரே வந்தபோது இருவருமே ஒருவரையொருவர் காணாத மாதிரி நடந்துபோனோம். 'ஐயோ, ஒரு தமிழன் பாத்திட்டான், இனி டொலார்ட் சனம் முழுக்கக் கதை போயிடும்' என்பதுதான் என் மனதில் ஓடியது. அவர் மனதிலும் அதுவே ஓடியதாம். மூன்று வாரம் இப்படிக் கண்ணாமூச்சி ஆடினோம். கடைசியில் அவர்தான் வந்து பக்கத்தில் நின்றார். "அண்ணன், நீங்க சொல்லாட்டி நானும் சொல்ல மாட்டன்," என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். நான் யாழ்ப்பாணம், அவர் மட்டக்களப்பு. என் கதையை அவரும் அவர் கதையை நானும் நையாண்டி செய்துகொண்டே பழகினோம்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஓரிடத்தில் அசையாமல் நின்று வட்டத்தைக் குறிபார்ப்பது வேறு வகை. எங்களுடையதில் பலகைச் சுவர்களும் பீப்பாய்களும் இலக்கு அட்டைகளும் வைத்து ஒரு களம் அமைத்திருப்பார்கள். நேரம் கணிக்கும் ரைமர் ஒலித்ததும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து, ஓடி, நின்று, சாய்ந்து, ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு ரவை சுட வேண்டும். பெற்ற புள்ளிகளை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். சரியாகச் சுட்டு மெதுவாக முடிப்பவனும் தோற்பான்; வேகமாக முடித்துத் தவறவிடுபவனும் தோற்பான். நான் முதல் வகை, டொமினிக் இரண்டாம் வகை. இரண்டு பேரையும் பிசைந்து ஒருவராக்கினால் நல்ல ஆட்டக்காரன் கிடைப்பான் என்று லூயிஸ் சொல்வார்.

டொமினிக்கின் வேலை துறைமுகத்தில் கொன்ரெய்னர்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது, எந்த ஒழுங்கில் இறக்குவது என்று திட்டமிடுவது. களத்தையும் அவர் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். போட்டிக்கு முன் ஐந்து நிமிடம் களத்தில் நடந்து பார்க்க விடுவார்கள். மற்றவர்கள் கையை நீட்டி, விரலாலே சுட்டுக்கொண்டு திரிவார்கள். இவர் ஒரு மூலையில் கைகட்டி நிற்பார். "எது எதை மறைக்குது எண்டு பாருங்க அண்ணன். மறைக்கிறத முதல்ல எடுத்தா, பின்னுக்கு நிக்கிறதுக்குத் திரும்பி வரத் தேவையில்ல," என்பார். அதைக் கேட்டு என் நேரம் குறைந்தது. நான் ஓடுவது கூடவில்லை. திரும்பி ஓடுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

அவருடைய குறை அவசரம். அதை அவர் வென்றது ஒரு பழக்கத்தால். ரவை புறப்படும் கணத்தில் பிஸ்டல் முனையின் சிறு குறி எங்கே நின்றதோ, ரவை அங்கேதான் போயிருக்கும். அதைக் கண் பிடித்துவிட்டால், அட்டையைப் போய்ப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கேட்க எளிது. வெடிச்சத்தத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதப் பிறவிக்கு அது லேசில் வராது. பயிற்சி முடிந்ததும் நாங்கள் அட்டைகளை நோக்கி நடக்கும் முன், நின்ற இடத்திலேயே ஒவ்வொரு ரவையும் எங்கே போனது என்று சொல்ல வேண்டும். இது அவர் போட்ட சட்டம். பிழையாகச் சொன்னவர், இலக்காக வைக்கும் இரும்புத் தகடுகளைக் கொட்டகைக்குச் சுமந்துபோக வேண்டும். முதல் ஆண்டு முழுக்க இருவரும் மாறிமாறிச் சுமந்தோம். இரண்டாம் ஆண்டில் நான் மட்டும் சுமந்தேன். "மூண்டாவது அட்டை, ரெண்டாவது ரவை, இடக்கைப் பக்கம் நல்லா விலகிட்டு," என்று அவர் சொன்னால், போய்ப் பார்த்தால் அது அங்கேதான் இருக்கும். நல்ல ரவையையும் கெட்ட ரவையையும் ஒரே குரலில் சொல்வார். "கெட்டதச் சொல்ல வெக்கப்பட்டா அண்ணன், நல்லதும் கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்," என்பார்.

அவர் வீட்டில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. மனைவி மெற்றில்டாவின் தம்பியை மட்டக்களப்பில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ரவை இல்லாத பிஸ்டலின் விசைச் சத்தம்கூட அவரால் தாங்க முடியாது. ஆகவே டொமினிக் வீட்டில் ஒரு நாளும் விசையை அழுத்தியதில்லை. அந்தப் பயிற்சிக்காகவே மற்றவர்கள் வருமுன் கழகத்துக்கு வந்து வெறும் பிஸ்டலோடு நிற்பார். மெற்றில்டாவை நான் குறை சொல்லவில்லை. என் மனைவிக்கு அப்படி நடந்திருந்தால் நான் இந்த விளையாட்டின் பக்கமே போயிருக்க மாட்டேன். ஓர் ஆண்டு வசந்தத்தில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்தக் கோடை மட்டும். மாகாண அணியில் இடம் கிடைத்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதோடு போட்டிகள் முடிந்தன. "ஒருக்கா அந்தச் சேட்டப் போட்டுக்கொண்டு நிக்கவேணும், அவ்வளவுதான்," என்று என்னிடம் சொன்னார். அணியின் நீலச் சட்டையைத்தான் சொன்னார். ஒரு மனிதர் எதையாவது அவ்வளவு வெளிப்படையாக ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கடைசித் தெரிவுப் போட்டியின் கடைசிக் களத்துக்கு வந்தபோது எங்கள் பிரிவில் மிஞ்சியிருந்தது ஓர் இடம். புள்ளிகளில் டொமினிக்கும் நானும் தோளோடு தோள். எனக்கு முதல் அவர் சுட்டார். அவர் அப்படிச் சுட்டு நான் பார்த்ததில்லை. அவசரம் ஒரு துளியும் இல்லை, ஆனால் நேரம் எங்கள் எல்லோரையும் விடக் குறைவு. நான் அங்கேயே மனதுக்குள் அவருக்குச் சட்டையைப் போட்டுவிட்டேன்.

லூயிஸ் அட்டை அட்டையாகப் புள்ளி சொல்லிக்கொண்டு வந்தார். பீப்பாய்க்குப் பின்னால் பாதி மறைந்திருந்த அட்டையில் இரண்டு துளைகள்: ஒன்று நடுவில், மற்றது ஓரத்தில். அவர் வாயைத் திறக்குமுன் டொமினிக் சொன்னார்: "ஓரத்தில் இருப்பது என்னுடையது அல்ல. என் முதல் ரவை வெளியே போய்விட்டது." ஒவ்வொருவரும் சுட்டு முடித்ததும் துளைகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். முந்தியவரின் ஒரு துளையை யாரோ ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். லூயிஸ் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "நீ சொல்வதை வைத்து நான் புள்ளியைக் குறைக்க முடியாது. இந்தத் துளை உன்னுடையதுதான் என்றும் இனி என்னால் எழுத முடியாது. விதிப்படி நீ திரும்பச் சுட வேண்டும்," என்றார்.

டொமினிக் வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் அவருக்கு. எங்கள் குழுவில் எல்லோருக்கும் அது விளங்கியது. ஆனால் நன்றாகச் செய்தவனுக்கு நல்ல பேர் கிடைக்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது? லவாலிலிருந்து வந்த போட்டியாளர் ஒருவர், எல்லோருக்கும் கேட்கும்படி, "கெட்டிக்காரன். ஒரு ரவை தவறிவிட்டது, அதைக் காட்டி இன்னொரு வாய்ப்பை வாங்கிக்கொண்டான்," என்றார். நான் அந்த ஆளை நோக்கி ஓர் அடி வைத்ததும் டொமினிக் என் கையைப் பிடித்தார்.

"விடுங்க. அடுத்தது நீங்க. களத்தப் பாருங்க."

"நீர் ஏன் ஐசே சொன்னனீர்? அவ பேசாமல் எழுதியிருப்பாவே."

"எனக்குத் தெரிஞ்சிட்டே அண்ணன். தெரியாட்டிச் சொல்லியிருக்க மாட்டன்."

நான் சுட்டேன். என் வாழ்க்கையிலேயே நன்றாகச் சுட்டேன் என்று சொல்ல ஆசைதான். வழக்கம்போல், மெதுவாகவும் துப்புரவாகவும் சுட்டேன். குழுவில் எல்லோரும் முடித்தபின் டொமினிக்கின் முறை மறுபடி வந்தது. இந்த முறை எல்லா ரவைகளும் அட்டையில். நேரம்தான் கூடிவிட்டது. வேண்டுமென்றே நிதானித்தாரா, அந்த லவால்காரரின் பேச்சுக்காகவா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். வேண்டுமென்று தோற்பதும் அவருக்குப் பொய்யாகத்தான் பட்டிருக்கும். முதல் முறை வந்த அந்தக் கை இரண்டாம் முறை வரவில்லை. மயிரிழையில் நான் முந்தினேன். நீலச் சட்டை எனக்குக் கிடைத்தது.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவரோ அடுத்த புதன்கிழமை மாலை ரைமரோடு சுடுதளத்தில் வந்து நின்றார். "கோடை இன்னும் முடியல்லத்தானே," என்றார். தேசியப் போட்டி வரைக்கும் தான் சுடாமல், என் பின்னால் நின்று என்னைச் சுடவைத்தார். நான் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "உமக்காகத்தான் போறன்," என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "எனக்காகச் சுடாதீங்க. நான் சுடவேண்டியதச் சுட்டுட்டன். என்னையும் தூக்கிக்கொண்டு ஓடினா உங்கட நேரம் இன்னும் கூடிடும்," என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். தேசியப் போட்டியில் நான் பட்டியலின் நடுவில் வந்தேன். அந்தக் கோடையோடு, கொடுத்த வாக்குப்படி, அவர் போட்டிகளை விட்டார்.

விட்டாலும் என்னை விடவில்லை. அவர்கள் வீட்டு மேசையில் எனக்கு எப்போதும் ஓர் இடம் இருந்தது. துவக்கைக் கண்ணில் காண விரும்பாத மெற்றில்டா, என்னை மட்டும் ஏனோ ஒரு மரியாதையோடு உபசரித்தார். நண்டுக்கறி வைத்தால் பெரிய கால் என் சோற்றுக் கோப்பைக்குத்தான் வரும். நான் வயதில் மூத்தவன் என்பதால் என்று நினைத்திருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின், மெற்றில்டா என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "அண்ணன், நான் ஒரு நாளும் வந்து பாக்கல்ல. அவர் அங்க எப்பிடி இருந்தவர்?" என்று கேட்டார். நான் அந்தத் துளையின் கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்த கதை, அதை இன்னொரு முறை கேட்க ஆசைப்படுகிறார் என்று எண்ணித்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"எனக்கு இது தெரியாது," என்றார். "அண்டைக்கு வந்து ஒரு வார்த்தைதான் சொன்னவர். சிவா அண்ணன் என்னை விட நல்லாச் சுட்டவர், அவர்தான் போகவேணும் எண்டு. வேற ஒண்டுமே சொல்லல்ல. நான் கேட்டன், இதுக்கா ஒரு கோடை முழுக்க என்னைத் தனிய விட்டுட்டுப் போனீங்க எண்டு. ஓம் எண்டுட்டு முகம் கழுவப் போனவர்."

பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

டொமினிக் உண்மையைச் சொல்லியிருந்தால், தன் கணவருக்குரிய இடத்தில் போனவன் என்று மெற்றில்டா என்னைப் பார்த்திருப்பார். அது அவருக்குத் தெரிந்திருக்கும். அட்டையைப் பார்க்காமலே எல்லா ரவையையும் சரியாகச் சொன்ன மனிதர், தெரிந்துகொண்டே பிழையாகச் சொன்னது அந்த ஒரு முறைதான். அந்தப் பொய்யை நம்பித்தான் இத்தனை ஆண்டுகளாக அந்த மேசையில் எனக்குச் சோறு போட்டார்கள். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பொய்யைத்தான்.