ஐந்து நிமிடம் அழக் கூடாது

கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக விடுவார்களா நம் வீடுகளில்? துணைக்கு ஒருவர் வந்தே ஆக வேண்டும். பத்து நாள் முன்பு எனக்கு வாய்த்த துணை, ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த என் நாத்தனார். கணவரின் அக்கா.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக என் கண்கள் எரிகின்றன. கூடவே பொலபொலவென்று நீர் வேறு. மீட்டிங்கின் நடுவில், கேமராவைப் பார்த்துக் கண்ணீர் வடித்தால் என்ன நினைப்பார்கள்? மேனேஜர் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஹெச்.ஆரிலிருந்து கவுன்சலர் நம்பர் வந்தது. பொம்மனஹள்ளியில் எங்கள் எதிர் ஃப்ளாட் அம்மாள், லிஃப்டில் என் கணவரை முறைக்க ஆரம்பித்தார். நான் அழவில்லை, அழவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது? அதையும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னால் யார் நம்புவார்கள்!

அலர்ஜி என்று ஊற்றிய சொட்டு மருந்துகள் எதற்கும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை. என் பிழைப்பே திரையில்தானே?

புது டாக்டர், "கண் வறட்சியா இருக்கலாம்மா" என்றார்.

வறட்சியா? இவ்வளவு கொட்டுகிறதே!

"காய்ஞ்சுபோய் உறுத்துறதாலதான் கொட்டுது. சும்மா இருக்கும்போது எவ்ளோ சுரக்குதுன்னு அளந்து பார்த்துடலாம்."

அளப்பது எளிது. மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைக் கீழ் இமைக்குள் மாட்டுகிறார்கள். கண்ணை மூடி ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். பட்டை எவ்வளவு தூரம் நனைந்தது என்று பிறகு பார்க்கிறார்கள். டெக்னீஷியன் பெண் கன்னடமும் தமிழும் கலந்து, "மாத்தாட பேடி மேடம், பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு டைமரைத் தட்டினார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாவது சொல்லுமா. என் தம்பி உன்ன ரொம்பப் படுத்துறானா?"

நான் பேசக் கூடாது. தலையையும் ஆட்டக் கூடாது.

"வாயத் தொறக்க மாட்டேங்கிற பாரு... எனக்குப் புரிஞ்சுபோச்சு. சின்ன வயசுலயே தின்ன தட்ட எடுத்து வைக்க மாட்டான் அவன். நீ ஒருத்தியே வேலைக்கும் போயி, சமைச்சு, துணி தொவச்சு... நாங்க யாராச்சும் உன்ன ஒரு வார்த்த கேட்டிருப்பமா?"

கேட்டதில்லைதான். பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அது அப்போதா ஞாபகம் வர வேண்டும்? மூன்று மாதமாக அழாத நான், அழவே கூடாத அந்த ஐந்து நிமிடத்தில் நிஜமாகவே அழுதேன்.

பட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. டெக்னீஷியன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இது செல்லாது மேடம். அடுத்த வாரம் வாங்க. ஒப்பரே பன்னி... தனியா வாங்க!"

என் ஒரு நாள் லீவு போயே போச்சு. பாசம் இருக்கட்டும்... அதற்கு நேரம் காலம் வேண்டாமா?

நேற்று தனியாகப் போனேன். காகிதத்தின் ஓரம் மட்டும் லேசாக ஈரம். கண் வறட்சியேதான் என்று டாக்டர் உறுதி செய்து, மருந்தை மாற்றிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, அவர் தம்பிமேல் தப்பில்லை, இது வெறும் கண் வியாதி என்றேன்.

"அய்யய்யோ! அன்னிக்கே போன் பண்ணி அவன வாங்கு வாங்குன்னு வாங்கிட்டனேமா!"

ஓஹோ... ஒரு வாரமாக எங்கள் வீட்டில் என் கணவர் பாத்திரம் கழுவுகிற காரணம் இதுதானா?

ரிப்போர்ட் என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. அதை அவரிடம் காட்ட என்ன அவசரம், சொல்லுங்கள்?